வீடு பழுதுபார்ப்பு மோசடியும் சுரண்டப்பட்ட வரிசை எண்ணும்: இது சிவில் தகராறா, குற்றமா?

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியை

வணக்கம். கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தனியாக வசிக்கும் என் அத்தைக்காக (அப்பாவின் அக்கா, வயது 71) இதை எழுதுகிறேன். ஊட்டி, கூடலூர்ப் பக்கம்போல் எங்களுக்கு ஆடி மழை பெரிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்கள் சரிவில் பலமாக அடிக்கும். 2024-இல் அந்த மழையில் கூரைத் தகடுகளின் இடுக்கு வழியே நீர் இறங்கி, சமையலறைச் சுவர் முழுவதும் ஓதமேறிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, 2025 பிப்ரவரியில் மலைக்குக் கீழேயிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். கூரைத் தகடு மாற்றுதல், சுவருக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, 25 லிட்டர் கீசர், இரண்டு பேட்டரிகளோடு ஓர் இன்வெர்ட்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,60,000 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 18 அன்று அத்தை 2,00,000 ரூபாய் முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பினார். மார்ச் 6 அன்று கீசரும் இன்வெர்ட்டரும் பொருத்தப்பட்டன. அவற்றுக்கான ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கைப்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னதால், மார்ச் 11 அன்று மேலும் 1,10,000 ரூபாய் போயிற்று. அதன்பிறகு கூரை பாதியில் நிற்கிறது. பூச்சு வேலை தொடங்கவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "மழை ஓயட்டும் அம்மா", "ஆள் கிடைக்கவில்லை அம்மா" என்பதே பதில். இது மட்டும் என்றால் நாங்களும் பொறுத்திருப்போம்.

ஆனால் கீசர் மூன்றே மாதத்தில் சூடாவதை நிறுத்தியது. நிறுவனத்திலிருந்து பழுதுபார்க்க வந்தவர் விவரத் தகட்டைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த வரிசை எண் சுரண்டப்பட்டு அதன்மேல் வேறோர் எண் ஒட்டப்பட்டிருப்பதைக் காட்டினார். உத்தரவாத அட்டையிலும் ரசீதிலும் இருந்த அந்த எண், நிறுவனத்தின் பதிவில் 10 லிட்டர் கீசர் ஒன்றுக்கு உரியதாம். பிறகு பேட்டரிகளைப் பார்த்தோம். இரண்டிலும் அச்சு எண் இருந்த விளிம்பு தேய்க்கப்பட்டிருக்கிறது.

காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னபோது, இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? எண்ணைச் சுரண்டுவது தன்னளவில் ஒரு குற்றமா?

பதில்: அருவங்காடு மின்பணியாளர்

சட்டத்துக்கு முன் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பொருள் கெட்டுப்போனால் வழக்கும் கெட்டுவிடும். கீசரைக் கழற்ற வேண்டாம், ஒட்டிய எண்ணை நகத்தால் கிளறிப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். மின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு அப்படியே சுவரில் விடுங்கள். வந்து பார்த்தவரிடம் வாய்ச்சொல்லாக இல்லாமல், தான் கண்டதை நிறுவனத்தின் பணி அறிக்கைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

சேமிப்பு வகைக் கீசருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தகட்டில் அந்த முத்திரையோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், அந்த உரிமம் எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்காகத் தரப்பட்டது என்பது தெரியும். எண்ணைச் சுரண்டியவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணை மறந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

பேட்டரியில் எண் தேய்க்கப்படுவதற்கு நான் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, உத்தரவாதக் காலத்தில் திரும்பி வந்ததையோ பழையதையோ திறந்து, ஓரளவு உயிர் கொடுத்து, புது உறை ஒட்டி விற்பது. மற்றொன்று, அது திருட்டுப் பொருளாக இருப்பது. எடை போட்டுப் பாருங்கள். அதே மாதிரிக்கு நிறுவனம் அறிவித்திருக்கும் எடையைவிடக் கணிசமாகக் குறைந்தால் உள்ளே தகடுகள் முழுதாக இல்லை என்று சந்தேகிக்கலாம். கோபத்தில் பழைய பேட்டரிக்குப் புதியது என்று கடையில் மாற்றிவிடாதீர்கள்.

சட்டம் என்று பார்த்தால், குறியைச் சிதைப்பதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 346-ஆம் பிரிவு இருப்பதாக ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனபோது கேட்டேன். அதைச் சொல்லிப் புகார் கொடுக்கலாமே.

பதில்: குன்னூர் வழக்கறிஞர்

முந்தைய பதிலில் பொருளைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. 346-ஐப் பற்றிச் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காவல் நிலையத்தில் சொன்னது முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் இழுத்தடிப்பது தானாகவே ஏமாற்றுக் குற்றமாகிவிடாது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 415-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவாகியிருக்கும் ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, சட்டத்தை எழுதியவர்களே உதாரணங்கள் தந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று அவுரிச் செடி பற்றியது. அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறவன், வாங்கும்போதே தரும் எண்ணமில்லாதவனாக இருந்தால் ஏமாற்றுகிறான். வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பின்னர் ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்குக்கு மட்டுமே உரியது. பீகாரிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2000-இல் இதையே வலியுறுத்தியது: நேர்மையற்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், பின்னால் வாக்கு தவறியதிலிருந்து அதை ஊகித்துவிட முடியாது. பாதிக் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு போனால் உங்கள் அத்தையின் கதை அவுரிக் கதைதான், ஒப்பந்தக்காரர் மழையைக் காட்டித் தப்பிவிடுவார்.

அதே பிரிவில் இன்னோர் உதாரணமும் இருக்கிறது. ஒரு பொருளின்மேல் போலிக் குறியை இட்டு, அது பெயர்பெற்ற ஓர் உற்பத்தியாளர் செய்தது என்று நம்பவைத்து, அதற்கு விலை கொடுக்கவைப்பவன் ஏமாற்றுகிறான். உங்கள் கீசர் கிட்டத்தட்ட இந்த உதாரணத்தில் உட்காருகிறது. உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் வஞ்சனையே என்று அந்தப் பிரிவின் விளக்கம் வேறு சொல்கிறது. ஒருவரை வஞ்சித்துப் பணத்தைக் கொடுக்கவைத்தால் 318(4)-இன்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம் அது.

இங்கே நீங்கள் கொடுத்திருக்கும் தேதிகளைக் கவனியுங்கள். மார்ச் 6 அன்று மாட்டப்பட்ட கீசரில் எண் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது என்று நிறுவனத்தின் அறிக்கை காட்டுமானால், குறைந்தது அந்த நாளில் நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்பதற்கு அந்தத் தகடே சான்று. மார்ச் 11 அன்று போன 1,10,000 ரூபாய் அதற்குப் பிறகு, அந்த ரசீதைக் காட்டிப் பெறப்பட்டது. ஆகவே உங்கள் புகாரின் நெஞ்சு அந்த 1,10,000 ரூபாய்தான், பெரிய தொகையான 2,00,000 அல்ல. பிப்ரவரியிலேயே எண்ணம் கெட்டிருந்தது என்பதை அதற்குப் பின்னால் அடுக்கலாம், முன்னால் வைக்கக் கூடாது. பெரும்பாலானோர் பெரிய தொகையை முதலில் எழுதி, மனுவை அவர்களே சிவில் தகராறாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே: "நானும் கடையில் ஏமாந்தேன், எண்ணை மாற்றியது எனக்குத் தெரியாது." அதனால்தான் ரசீது முக்கியம். ரசீதில் உள்ள கடையின் ஜி.எஸ்.டி. எண்ணை வரித்துறைத் தளத்தில் தேடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் 33 என்று தொடங்கும் 15 இலக்க எண் அது. அப்படி ஒரு கடையே இல்லையென்றாலோ, இருந்தும் அந்த ரசீதை அவர்கள் தரவில்லையென்றாலோ, "எனக்குத் தெரியாது" என்பது நிற்காது. ஏமாற்றுவதற்காகப் பொய்யாவணம் புனைந்த 336(3)-ஆம் பிரிவும் அதோடு சேரும். அதற்கும் ஏழாண்டு வரை சிறை.

இனி 346. அந்தப் பிரிவு சிதைக்கக் கூடாது என்று சொல்வது 'சொத்துக் குறி'யை. ஓர் அசையும் பொருள் இன்னாருக்குச் சொந்தம் என்று காட்டும் குறியே சொத்துக் குறி என்று 345 வரையறுக்கிறது. தோட்டத்து மூட்டையில் இடும் முத்திரை அதில் அடங்கும். உற்பத்தியாளர் இடும் வரிசை எண் உடைமையைக் காட்டுவதல்ல, பொருளின் அடையாளத்தைக் காட்டுவது. எனவே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் இதுவாகவே இருக்கும். மேலும், ஓராண்டு வரைதான் தண்டனை என்பதால் ஓராண்டுக்குள் நடுவரிடம் புகார் தாக்கலாகவோ காவல் நிலையத்தில் தகவல் பதிவாகவோ வேண்டும், நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை தனியாக அதைப் புலன்விசாரிக்கவும் முடியாது. 318(4)-உடன் சேர்ந்து வந்தால் மொத்த வழக்கும் நேரடியாகப் பதியத்தக்கதாகிவிடும் என்பது வேறு. என் எண்ணத்தில் இதைவிடப் பொருத்தமானது 350: உள்ளே இருப்பதைப் பற்றித் தவறாக நம்பவைக்கும்படி ஒரு பெட்டியின்மேலோ பொதியின்மேலோ பொய்க் குறியிட்டால் மூன்றாண்டு வரை சிறை. கீசர் வந்த அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

மனுவில் நீங்கள் பிரிவு எதையும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள், பிரிவைப் பதிவது அவர்கள் வேலை. குறிப்பாக, நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று இரண்டையும் ஒரே நிகழ்ச்சிக்குச் சேர்த்து எழுத வேண்டாம். இரண்டும் ஒரே உண்மைகளின்மேல் ஒன்றாக நிற்க முடியாது என்று 2024-இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். லலிதா குமாரி வழக்கின் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நேரடியாகப் பதியத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம். ஆனால் வணிகக் கொடுக்கல் வாங்கல் சார்ந்தவற்றில் முன்விசாரணை செய்து பார்க்க அதே தீர்ப்பு இடம் கொடுக்கிறது, அதனால் சில நாள் விசாரணைக்குக் கூப்பிட்டால் பதற வேண்டாம். மறுத்தே விட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன்படி மனுவை உதகையிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதன்பின் உறுதிமொழிப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் போகலாம். அத்தையைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், அவர் பெண் என்பதால் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பதில்: வெலிங்டன்காரன், இப்போது பென்சில்வேனியாவில்

நான் பிறந்து வளர்ந்தது நம் நீலகிரியின் வெலிங்டன் பக்கம். இருபது ஆண்டாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே 'வீட்டு மேம்பாட்டு மோசடி' என்ற பெயரிலேயே ஒரு தனிக் குற்றம் இருக்கிறது. 2008-இல் இயற்றி 2009 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பெரிய அளவில் வீட்டு வேலை எடுப்பவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். 500 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் மூன்று வேலைநாளுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். தனியாக வரவழைக்க வேண்டிய பொருளின் விலை நீங்கலாக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கில் பார்த்தால் அத்தை கொடுத்த முதல் 2,00,000 ரூபாயே வரம்பைத் தாண்டியது. 2,000 டாலருக்கு மேல் மோசடி செய்தால் ஏழாண்டு வரை சிறை, ஏமாந்தவர் 60 வயது நிரம்பியவர் என்றால் குற்றத்தின் தரம் ஒரு படி உயரும்.

எண்ணைச் சிதைப்பதற்கும் தனிச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில் 537இ என்ற பிரிவு, உற்பத்தியாளரின் வரிசை எண் நீக்கப்பட்ட, மறைக்கப்பட்ட, மாற்றப்பட்ட பொருளைத் தெரிந்தே வாங்குவதையும் விற்பதையும் வைத்திருப்பதையுமே குற்றமாக்குகிறது. வாங்குபவரை ஏமாற்றினார் என்று நிறுவ வேண்டிய சுமை அங்கே இல்லை. நம் நாட்டில் இவ்வளவு நேரடியான பிரிவு ஏன் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பதில்: குன்னூர் வழக்கறிஞர்

எல்லாப் பொருளுக்குமான பொதுப் பிரிவு இங்கே இல்லையே தவிர, கைப்பேசிக்கு இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில், ஐ.எம்.இ.ஐ. போன்ற அடையாள எண்ணைச் சிதைத்தால் மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். கீசருக்கும் பேட்டரிக்கும் அப்படி இல்லாததால்தான் ஏமாற்று என்ற பழைய பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரே போலியாக இடப்பட்டிருந்தால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104 பிரிவுகளும் வரும். அங்கே ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதில் சோதனையிட்டுக் கைப்பற்ற வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, அதுவும் பதிவாளரின் கருத்தைப் பெற்ற பிறகு. அந்தப் பாதையை நிறுவனத்துக்கு விட்டுவிடுங்கள்.

பணம் திரும்ப வேண்டும் என்பதுதான் அத்தைக்கு முதன்மை என்றால், காவல்துறைக்காகக் காத்திராமல் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி அது மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானதே, மாற்றானதல்ல. நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதால் மலையிறங்க வேண்டியதில்லை. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு கெடு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞரைத் தரும் என்பதையும் அத்தையிடம் சொல்லுங்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பதில்: கொடைக்கானல் வாசகர்

எங்கள் வீட்டிலும் இதேபோல் 2023 நவம்பரில் நடந்தது. எங்களுக்கும் 318 தானா?

பதில்: குன்னூர் வழக்கறிஞர்

இல்லை. குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டம்தான் பொருந்தும். உங்களுக்குப் பழைய 420. நுகர்வோர் ஆணையத்தின் இரண்டாண்டுக் கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை உடனே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம்.

பதில்: கோத்தகிரி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி மார்ச் 11-ஐ முன்வைத்து மனுவை மாற்றி எழுதி, இன்று கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டோம். அதே நிலையம்தான், ஆனால் இம்முறை எழுத்தர் ரசீதில் உள்ள எண்ணையும் நிறுவனத்தின் அறிக்கையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் பெயரைப் பதிந்துகொண்டார்.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அத்தை அதைத் தூக்கிப் போடவில்லை. பரணில் விதை உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார். கிழங்கைச் சாக்குக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டின் ஒரு மூலை ஈரத்தில் உரிந்து, அடியில் இன்னொரு சீட்டு தெரிகிறது. அதில் கொள்ளளவு 10 லிட்டர் என்பது மட்டும் படிக்க முடிகிறது. முழுவதும் உரித்துப் படமெடுத்து மனுவோடு சேர்க்கட்டுமா?

பதில்: குன்னூர் வழக்கறிஞர்

உரிக்கவே உரிக்காதீர்கள். இப்போது தெரியும் நிலையிலேயே படமெடுத்து, பெட்டியை ஈரம் படாத இடத்தில் துணி போர்த்தி வையுங்கள். உரிப்பது காவல்துறையின் வேலை. மகஜர் எழுதிக் கைப்பற்றும்போது ஒலி, ஒளிப் பதிவும் செய்ய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது, அந்தப் பதிவில் மேல்சீட்டும் அடிச்சீட்டும் சேர்ந்தே வரட்டும். பேட்டரி விளிம்பையும் கீசர் தகட்டையும் கோயம்புத்தூர் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி ஒரு வரி சேர்த்து மனு கொடுங்கள். உலோகத்தில் அழுத்தி அச்சிட்ட எண் மேலே தேய்க்கப்பட்டாலும் அடியில் இறுகிய பகுதி எஞ்சியிருக்கும், அமிலம் தடவி அதை மீட்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த ரசீதுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை நான் தயார் செய்கிறேன், அத்தையின் கைப்பேசியை மட்டும் யாரும் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டாம்.